நாபோத்தின் நிலமும் வாச்சாத்தியின் நினைவும்

திருமுல்லைவாயிலில் வாழும் நமக்கு மாசிலாமணீசுவரர் கோயிலிலுள்ள இரண்டு எருக்கந்தூண்களைப் பற்றித் தெரிந்திருக்கும். புழல் கோட்டையை ஆண்ட குறும்பர்களைத் தொண்டைமான் வென்று, அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை என்று அக்கோயிலின் தல வரலாறு கூறுகிறது. வென்றவன் பெயர் நிலைத்துவிட்டது. தோற்ற குறும்பர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதை அந்தக் கதை சொல்வதில்லை.

பழங்கதைதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அதே புழலை அடுத்த செங்குன்றம் பகுதியின் அரிசி ஆலைகளிலிருந்தும், நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகளைக் கடந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்! நாம் உண்ணும் சோற்றிலும், குடியிருக்கும் வீட்டின் செங்கல்லிலும் அவர்கள் உழைப்பு கலந்திருக்கலாம்.

இருளர்கள் ஏன் சூளைக்கு வந்தார்கள்? காட்டையும் ஏரிக்கரையையும் நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். தேன், கிழங்கு, மூலிகை, பாம்பு பிடித்தல் என்று அவர்களுக்கென ஓர் அறிவு இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதையடுத்துப் பாம்புத்தோல் வணிகத்திற்கு வந்த தடையும் அந்த வாழ்வை முடக்கின. விலங்குகளைக் காப்பது தேவையே. ஆனால் அவற்றோடு வாழ்ந்த மனிதர்களைப் பற்றி யார் யோசித்தார்கள்? 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு நல்ல விதிவிலக்கு. பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை வடநெம்மேலியில் அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். 2023-இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆயினும் பல இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இன்றும் எட்டாக்கனியாகவே உள்ளன. தாங்கள் யார் என்பதையே ஒரு காகிதத்தால் மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

இங்கே வாச்சாத்தியை நினைவுகூர வேண்டும். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்திலுள்ள பழங்குடிக் கிராமம் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் கடத்துகிறார்கள் என்று கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். குடிநீர்க் கிணறுகளையும் விட்டுவைக்கவில்லை.

விவிலியத்தில் நாபோத்தின் கதை நமக்குத் தெரியும் (1 அரசர் 21). மூதாதையர் வழி வந்த நிலத்தை விற்க மறுத்தவன் மீது பொய்க்குற்றம் சுமத்தினார்கள். பிறகு கல்லால் எறிந்து கொன்றார்கள். வாச்சாத்தியிலும் முதலில் வந்தது குற்றச்சாட்டுதான். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே அப்பாவி மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்று பின்னாளில் உயர்நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. காடு கொள்ளை போகிற இடத்தில் காட்டு மக்களின் மானமும் கொள்ளை போகிறது. இவை இரண்டு பிரச்சினைகள் அல்ல, ஒன்றே.

ஆனால் வாச்சாத்தி மக்கள் மறக்கவில்லை. மிரட்டலுக்கு நடுவிலும் அந்தப் பெண்கள் நீதிமன்றம் ஏறி, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மீதி 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே நாளில், சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! எளியவர்களிடம் அதிகாரம் இல்லை, பணம் இல்லை. நினைவு ஒன்றே இருந்தது. அதுவே சாட்சியாயிற்று.

பிறரைக் குறைகூறும் முன் நம்மையும் பார்ப்போம். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் மரபையும் மறக்கச் செய்த உறைவிடப் பள்ளிகளில் பலவற்றை நடத்தியது நம் திருஅவையினரே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் அங்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். அதே திருஅவையில்தான், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்திற்காகவும் சிறையில் வாடிய அவர்கள் இளைஞர்களுக்காகவும் குரல் கொடுத்த நம் திருச்சி மண்ணின் மைந்தர், இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமியும் இருந்தார். அவர் 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே, காவலில் இருந்தபடி மருத்துவமனையில் உயிர்நீத்தார். எந்தப் பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அன்புக்குரியவர்களே, நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நம் பங்கின் எல்லைக்குள் உள்ள சூளைகளிலும் ஏரிக்கரைகளிலும் எத்தனை இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? சான்றிதழுக்கு மனு எழுதித் தரவும், உடன் வட்டாட்சியர் அலுவலகம் செல்லவும் நம் அன்பியங்களில் இருவர் முன்வந்தால் போதும். உதவி செய்யப் போகுமுன், ஒரு மாலைப்பொழுது அவர்களோடு அமர்ந்து அவர்கள் கதையைக் கேட்போம். எருக்கந்தூண்கள் சொல்லாத கதையை அவர்களாவது சொல்லட்டும்.