திரையில் ஆடுபவர் யார்?

நடன மேடைக்குள் திரைப்படம் நுழைந்தால் பெரும்பாலும் தோற்பது நடனம்தான். கண்ணின் இயல்பு அப்படி. இருட்டில் ஒளிரும் பெரிய பிம்பத்தையும், அதனருகே மூச்சு வாங்க ஆடும் ஆறடி உடலையும் ஒருசேரக் காட்டினால் கண் பிம்பத்தையே நாடும். ஒரு முகத்தைச் சுவரளவு பெரிதாக்கத் திரையால் முடியும். கணத்தில் ஊர்விட்டு ஊர் தாவவும் முடியும். மேடையில் நிற்பவருக்கு அந்த வசதி ஏதுமில்லை. பின்திரையில் மழை பெய்கிறது, ரயில் ஓடுகிறது, நகரம் பற்றி எரிகிறது. முன்னால் ஆடுபவர் அந்தப் படத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறார். நடனத்தால் சொல்ல முடியாததைத் திரை சொல்லிவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நடனத்தின் மீதான அவநம்பிக்கை என்றும் இதைச் சொல்லலாம்.

இந்தக் கூட்டு புதியதன்று. 1924 டிசம்பரில் ஸ்வீடிஷ் பாலே குழுவினர் பாரிஸில் அரங்கேற்றிய 'ரெலாஷ்' என்ற ஆக்கத்தின் இடைவேளையில், ரெனே க்ளேர் இயக்கிய 'ஆந்த்ராக்த்' என்ற குறும்படம் திரையிடப்பட்டது. பாலேவுக்கும் படத்துக்கும் எரிக் சாத்தியே இசை. 'இன்று காட்சி இல்லை' என்று அரங்க வாசலில் மாட்டும் சொல்தான் 'ரெலாஷ்'. முதன்மை நடனக்கலைஞர் நோயுற்றதால் முதல்நாள் காட்சி உண்மையிலேயே ரத்தாகி, வாசலில் அதே சொல் தொங்கியது தனி வேடிக்கை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், மெர்ஸ் கன்னிங்ஹாமும் ஜான் கேஜும் சேர்ந்து உருவாக்கிய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' நிகழ்வில் ஸ்டான் வாண்டர்பீக்கின் படத்துணுக்குகளும், நாம் ஜூன் பைக் சிதைத்துத் தந்த தொலைக்காட்சிப் பிம்பங்களும் ஆடுபவர்களைச் சூழ்ந்தன. முன்னதில் படம் நடனத்துக்கு அண்டை வீட்டுக்காரர். பின்னதில் அது வானிலை. இரண்டிலும் படம் ஒரு திசையில் போக, நடனம் தன் வழியே போயிற்று.

படமும் நடனமும் ஒன்றேயாகும் மூன்றாவது வழியொன்று உண்டு. அதன் மிகச் சிறந்த உதாரணம் லூசிண்டா சைல்ட்ஸ் 1979இல் உருவாக்கிய 'டான்ஸ்'. நடனம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத தலைப்பு. இசை ஃபிலிப் கிளாஸ், படம் ஓவியரும் சிற்பியுமான சால் லெவிட்.

சைல்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஜட்சன் நடனக் குழுவில் உருவானவர். தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு, சுருள்முடி உருளைகளையும் பஞ்சுகளையும் வைத்து அவர் செய்த தனிநிகழ்வு அந்தக் காலத்துச் சேட்டைகளில் ஒன்று. பிறகு 1970களில் எல்லாவற்றையும் உதறிவிட்டு நடை, சிறு துள்ளல், திரும்பல் என்ற எளிய அசைவுகளை மட்டும் வைத்துக்கொண்டார். இசைகூட இல்லாமல், காலடி ஓசையே தாளமாக ஆடினார். 1976இல் ராபர்ட் வில்சனும் கிளாஸும் படைத்த 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' ஓபராவில் பங்கேற்றது அவரை மீண்டும் இசையின் பக்கம் கொண்டுவந்தது.

கிளாஸின் இசை நம் செவிக்கு அத்தனை அந்நியமானதல்ல. 1960களின் நடுவில் பாரிஸில் ரவிசங்கரின் திரையிசையை மேற்கத்திய இசைக்குறிகளில் எழுதித் தரும் வேலை அவருக்கு வாய்த்தது. ரவிசங்கரிடமும் தபலாக் கலைஞர் அல்லா ரக்காவிடமும் அவர் கற்றுக்கொண்டது, சிறு அலகுகளைக் கூட்டியும் குறைத்தும் தாளத்தைக் கட்டும் முறை. 'டான்ஸ்' முழுக்க ஓடுவது அந்தக் கணக்குதான். அசைவும் அதே கணக்கில் வளர்கிறது. திரும்பத் திரும்ப வருவதுபோலத் தோன்றும், ஆனால் ஒருமுறை வந்தது அப்படியே மறுமுறை வருவதில்லை.

மேடையமைப்புச் செய்து தரும்படி கேட்கப்பட்ட லெவிட், ஆடுபவர்களே மேடையமைப்பு என்று முடிவு செய்தார். அதே நடனக்கலைஞர்கள் அதே நடனத்தைக் கட்டமிட்ட தரையில் ஆடுவதைக் கறுப்பு வெள்ளையில் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவு செய்தார். மேடையின் முன்பக்கம் ஊடுதெரியும் மெல்லிய திரையொன்று தொங்கும். பின்னால் வெள்ளுடையில் ஆடுபவர்கள் ஜோடி ஜோடியாக மேடையைக் குறுக்கே கடப்பார்கள். அவர்கள் மீதே, அதே தாளத்தில், அதே அடவுகளோடு படம் விழும். சில நேரம் பிம்பங்கள் மேலே தோன்றும்போது மேடைக்கு ஒரு மாடி கட்டியதுபோலிருக்கும். சில நேரம் மேலிருந்து பார்த்த கோணம். சில நேரம் உறைந்த சட்டகம். திடீரென்று படம் மறையும். உடல்கள் மட்டும் எஞ்சும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இதுதான்.

இங்கே படம் நடனத்தை விழுங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடனத்தில் இல்லாத எந்தச் செய்தியையும் அது கொண்டுவரவில்லை. கதை இல்லை, உருவகம் இல்லை, நிலக்காட்சி இல்லை. ஒரு பார்வையாளர் ஓர் இருக்கையிலிருந்து ஒரு கோணத்தில் மட்டுமே நடனத்தைக் காண முடியும் என்ற கட்டாயத்தை அது தளர்த்துகிறது, அவ்வளவே. கண் படத்துக்குப் போனாலும் அங்கேயும் அதே நடனம் நிற்பதால் தானாகவே உடலுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. சிலையை மாறாத வெளிச்சத்தில் சுற்றி வந்து பார்ப்பதற்கு ஒப்பானது இது.

சிக்கல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கியது. 2009இல் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரி அரங்கில் 'டான்ஸ்' மறுபடி மேடையேறியது. லெவிட் 2007இலேயே இறந்துவிட்டார். மேடையில் புதிய தலைமுறை. திரையில் 1979இன் உடல்கள். நடுவில் வரும் தனிநடனத்தில் இளம் நடனக்கலைஞர் ஒருவர் முன்னும் பின்னுமாக ஆட, மேலே முப்பத்தொன்பது வயது சைல்ட்ஸின் முகம் அரங்கையே நிறைத்தது. பார்த்தவர்கள் உருகினார்கள். ஆவிகளோடு ஆடும் நடனம், காலத்தின் இரங்கற்பா என்றெல்லாம் போற்றப்பட்டது. அந்த உருக்கத்தை நான் மறுக்கவில்லை. காலம் என்பதை இவ்வளவு குறைந்த செலவில் கண்முன் நிறுத்திய மேடை வேறு உண்டா என்றுகூடக் கேட்கலாம்.

2016இல் பிரான்சின் லியோன் ஓபரா பாலே இதே ஆக்கத்தைத் தன் நிகழ்பட்டியலில் சேர்த்தபோது வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. மாரி-எலேன் ரெபுவா, லெவிட்டின் படத்தை லியோன் கலைஞர்களைக் கொண்டு அதே கோணங்களில் மீண்டும் படமாக்கினார். திரையில் ஆடுபவர்களும் மேடையில் ஆடுபவர்களும் மறுபடி ஒரே குழுவினர் ஆனார்கள். இது அசலைத் துடைத்தெறிவது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. லியோனின் முடிவே சரி என்பது என் கட்சி.

முதலாவதாக, 1979இன் பார்வையாளர் கண்டது ஆவிகளை அல்ல. ஒரே ஆள் இரண்டு இடத்தில், இரண்டு அளவில், ஒரே கணத்தில் இருப்பதைத்தான் அவர் கண்டார். அந்தக் கணிதத் தெளிவே இந்த ஆக்கத்தின் உயிர். பழைய படத்தை வைத்துக்கொண்டு புதியவர்களை ஆடவிடும்போது எழும் ஏக்கம் நாள்காட்டி தந்த விபத்து. சைல்ட்ஸோ லெவிட்டோ கிளாஸோ திட்டமிட்டதன்று. அழகான விபத்துதான். ஆனால் படச்சுருளைக் காப்பாற்றிக்கொண்டே போனால் கருத்தை இழந்துவிடுகிறோம்.

இரண்டாவது, லெவிட்டே வகுத்த நெறி. 1968 முதல் அவர் உருவாக்கிய சுவரோவியங்களுக்கு அவர் எழுதி வைத்தது குறிப்புகளைத்தான். யார் கையும் அவற்றை வரையலாம். சுவரை வெள்ளையடித்து அழிக்கலாம். வேறொரு ஊரில் மறுபடி வரையலாம். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 2008இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மாஸ் மோக்கா அருங்காட்சியகத்தில் 105 சுவரோவியங்கள் இப்படி மற்றவர் கைகளால் வரையப்பட்டன. அவற்றைப் போலி என்று யாரும் சொல்லவில்லை. சுவருக்குப் பொருந்தும் நியாயம் திரைக்கும் பொருந்தாதா?

பொருந்தாது என்போர் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. சுவரில் இழுத்த கோட்டுக்கு முகம் கிடையாது, படத்துக்கு உண்டு. சைல்ட்ஸின் அந்த இறுகிய தாடையும் எதையும் கெஞ்சாத பார்வையும் குறிப்பெழுதி இன்னொருவருக்குக் கைமாற்றக்கூடியவை அல்ல. உண்மை. புதிய படத்தில் அது இல்லை. அந்த இழப்பு சிறியதும் அல்ல.

ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதே என் கேள்வி. பழைய படம் மேலே ஓடும்போது கீழே ஆடுபவர் என்ன ஆகிறார்? தன்னைவிடப் பெரிய, இனி வயதாகாத, தடுக்கி விழவே முடியாத ஒருவரோடு ஒப்பிடப்படுவதற்காக நிறுத்தப்பட்டவர் ஆகிறார். அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது நினைவுநாளில் ஏற்றும் விளக்குதான். முதலில் சொன்ன மழையும் ரயிலும் செய்த அதே வேலையை இங்கே மேதையின் முகம் செய்கிறது. படம் மீண்டும் வெல்கிறது. 1979இல் மிக நுட்பமாகத் தீர்க்கப்பட்ட பிரச்சினை பின்வாசல் வழியே திரும்பி வந்துவிடுகிறது.

கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தபின் அவர் குழு இரண்டாண்டுப் பயணம் மேற்கொண்டு, 2011 இறுதியில் கலைந்தது. ஆக்கங்களோ குறிப்புகளாகவும் பதிவுகளாகவும் தொகுக்கப்பட்டு மற்றக் குழுக்களின் கைக்குப் போயின. நடனத்துக்கு அருங்காட்சியகம் கிடையாது, அடுத்த உடல்தான் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட முடிவு அது. 'டான்ஸ்' 2023இல் லியோன் குழுவினரால் புதிய படத்தோடு நியூயார்க்கிலும் ஆடப்பட்டது.

லியோனில் எடுத்த படமும் ஒருநாள் பழசாகும். அதில் இருப்பவர்கள் ஓய்வு பெறுவார்கள். அப்போது அதையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. இந்த ஆக்கத்தைக் கையில் எடுக்கும் எந்தக் குழுவும் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். செலவு பிடிக்கும் காரியம்தான், என்றாலும் இதில் படம் என்பது நடனத்தின் ஒரு பாதி. 1979இன் படத்தைத் தனியே ஒரு மாலை, மேடையில் யாருமின்றி, வெறும் திரையில் ஓட்டலாம். சைல்ட்ஸின் முகத்தை அங்கே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். கீழே ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறாரே என்ற உறுத்தல் அப்போது இருக்காது.