இந்துப்பு வைத்தியர்களுக்கு

எங்க டெல்லி தமிழ் வாட்ஸப் குழுவில் மறுபடி அதே பாட்டு: "தைராய்டா? பாக்கெட் உப்பைத் தூக்கிப் போட்டு இந்துப்புக்கு மாறுங்க." ஏன் சாமி, இங்கிருந்து காங்ரா ஒரு ராத்திரி பஸ் தூரம். அங்கே 1956-ல் ராமலிங்கசுவாமி குழு தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைக்கும்னு நம்ம நாட்டிலேயே காட்டியாச்சு. அயோடின் சேர்க்காத இந்துப்பில் அது பேருக்குத்தான் இருக்கு. (உப்பையே குறைக்கணும்னா சரி, அது ரத்த அழுத்தத்துக்கு.)

மாத்திரையை வெறும் வயித்துல போட்டு, ஃபில்டர் காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி.

குழுவில் ஒரு கர்ப்பிணிப் பெண், "நிறுத்திடலாமா அண்ணா?"ன்னு கேட்டிருக்கு. நிறுத்தாதேம்மா. குழந்தையின் மூளை வளர அந்த ஹார்மோன் வேணும். டோஸைக் கூட்டவேண்டிகூட வரலாம், டாக்டரைப் பாரு.