அடுத்தவனுக்காக வாங்கும் கார்

எங்கள் ஊரில் புது கார் வாங்கியவர்கள் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மாட்டார்கள். வெயிலில் தொடை வேகும், முதுகு நனையும், பிள்ளைகள் அசைந்தால் சரசரவென்று சத்தம் வரும். கழற்றினால் 'புதுசு போயிடும்'. ஐந்து வருடம் கழித்து வண்டியை விற்கும்போது, வாங்க வந்தவன்தான் அந்த உறையைக் கிழித்தெறிந்துவிட்டு முதல்முறையாகச் சீட்டில் உட்காருவான். இதை வைத்துக் கோயம்புத்தூர்க்காரர்களை நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். ஜெர்மனிக்கு வந்து ஸ்டுட்கார்ட்டில் பதினான்கு வருடம் குப்பை கொட்டிய பிறகு தெரிகிறது: லட்சம் யூரோவுக்குப் பக்கத்தில் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவனும் அதே உறையைத்தான் போடுகிறான். அவனுடைய உறைக்குப் பெயர் 'ரீசேல்'.

நண்பர் ஒருவர், தமிழர்தான், 2021-இல் போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 ஆர்டர் செய்தார். டர்போ இல்லாத நான்கு லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டர், 400 குதிரைத்திறன். கல்லூரி விடுதிச் சுவரில் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் படம் ஒட்டி வைத்திருந்தவர். கியரைக் கையால் போடுவதில்தான் சுகம் என்று எனக்கு வகுப்பெடுத்தவரும் அவரே. மூன்று வாரம் இரவெல்லாம் கான்ஃபிகரேட்டரில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் அவர் ஆர்டர் செய்தது சாக்பீஸ் நிறத்தில், ஆட்டோமேட்டிக் கியரில். ஏன் என்று கேட்டேன். "மஞ்சள் எல்லாருக்கும் பிடிக்காதுல்ல, விக்கறப்ப கஷ்டம்" என்றார். வண்டி இன்னும் வரவே இல்லை. வராத வண்டியை விற்றுக்கொண்டிருந்தார்.

ஆறாயிரம் கிலோமீட்டரில் விற்றும்விட்டார். நஷ்டமே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்தக் காரில் நஷ்டமடையாத ஒரே விஷயம் பணம்.

இந்த ரகக் கார் எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் பேசினால் இது வெறும் வயிற்றெரிச்சலாகத் தெரியும். ஒரு சிலம்பக் கம்பின் இரு முனையிலும் ஆளுக்கொரு கிலோ மணல் மூட்டையைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். பிறகு அதே இரண்டு மூட்டையையும் நடுவில், கை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டிச் சுழற்றுங்கள். எடை அதேதான். ஆனால் இரண்டாவது கம்பு நினைத்த மாத்திரத்தில் திரும்பும். எஞ்சினை ஓட்டுகிறவனின் முதுகுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவில் வைப்பதன் ரகசியம் இவ்வளவுதான். மூக்கில் பாரம் இல்லாததால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி வளைவுக்குள் போகும். அதே காரணத்தால் பின்டயர்கள் பிடியை விட்டால் நாம் கண்ணை இமைப்பதற்குள் சுழலவும் செய்யும். 1959-இல் ஜாக் பிராபம் இப்படிப்பட்ட கூப்பர் வண்டியில் உலக சாம்பியன் ஆனபோது, எஞ்சின் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று ஃபெராரி பிடிவாதமாக இருந்தது. 1961-இல் அதுவும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வைத்துத்தான் ஜெயித்தது.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் பழகியது அந்த வண்டியில். செட்டிபாளையத்து ஓடுதளத்துக்கு இன்று கரிவரதனின் பெயர்தான். அந்த வண்டிகளில் ஆப்ஷன் என்று ஒன்று இருந்ததாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போர்ஷேயின் ஆப்ஷன் பட்டியலுக்கு வருவோம். சீட் பெல்ட் சிவப்பில் வேண்டுமா? தையல் நூல் என்ன நிறம்? ஏசி காற்று வரும் துவாரத்தின் பட்டைகளுக்குத் தோல் ஒட்டலாம். சாவிக்கு வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தோல் பையில் போட்டுத் தருவார்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குத் தோல் உறை உண்டு. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் ஒழிய கண்ணில் படாத மூடி அது. இது எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் கொடுத்துப் பழகிய சமூகத்துக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பழைய நகையை விற்கப் போனால் செய்கூலி திரும்பி வராது என்பதும் நமக்குத் தெரியும். ஆப்ஷனுக்குக் கொட்டிய காசும் அப்படியே திரும்பி வருவதில்லை. ஆக, ரீசேலுக்காக ஆப்ஷன் போடுகிறவன் கணக்கிலும் தோற்கிறான்.

இதே பட்டியலின் இன்னொரு மூலையில் 220 என்ற எண் உண்டு. வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் சும்மா சுழன்று சக்தியை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும் டிஃபரன்ஷியல் பூட்டு. வண்டி ஓடும் விதத்தையே மாற்றும் பொருள். 2019-இல் பழைய கேமன் தேடி நான் மூன்று மாதம் அலைந்தபோது தோல் ஒட்டிய டேஷ்போர்டு கேட்காமலே கிடைத்தது. 220 இருந்த வண்டிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. காரணம் எளிது. அதைப் புகைப்படம் எடுக்க முடியாது.

பீங்கான் பிரேக் ஒன்று இருக்கிறது, பட்டியலில் 450. அதற்கு மஞ்சள் காலிப்பர் வரும். பல ஆயிரம் யூரோ. பந்தயத்தளத்தில் வாராவாரம் ஓட்டுகிறவர்களில் பலர் அந்த விலையுயர்ந்த தட்டுகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இரும்புத் தட்டு மாட்டி ஓட்டுவார்கள், தேய்ந்தால் மாற்றக் கட்டுப்படியாகாது என்று. சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்வருகிற வண்டியில் அது மஞ்சளாகப் பளபளக்கும். காசில்லாதவர்கள் சாதாரண காலிப்பருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நேர்மையான பொய் அது.

எதுவுமே வேண்டாம் என்கிற தூய்மைவாதிகளையும் நான் நம்புவதில்லை. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் 725 கிலோதான் இருந்தது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிக் கட்டிய சட்டகம், நடுவில் 1.8 லிட்டர் ரோவர் எஞ்சின். அங்கே இல்லாமை ஒரு பொறியாளரின் முடிவு. இன்று கதவின் கைப்பிடியை எடுத்துவிட்டு ஒரு நாடாவைத் தொங்கவிட்டு, அதைச் சிறப்புப் பதிப்பு என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். துறவறத்துக்கு இ.எம்.ஐ கட்டுவது மாதிரி.

நான் கடைசியில் வாங்கியது 2014-ஆம் வருடத்துக் கேமன் எஸ். 3.4 லிட்டர், 325 குதிரைத்திறன், கையால் போடும் கியர். பழுப்பு நிறம். அதே வயதுள்ள வெள்ளை வண்டியைவிட ஆறாயிரம் யூரோ குறைவு. விற்பனைக்காரர் என்னிடம் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டார்: நேவிகேஷன் இல்லை, தோல் இல்லை, இந்த நிறத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆலையில் போட்ட ஆப்ஷன்களின் எண்கள் அதில் அச்சாகியிருக்கும். இதில் இருந்தவை மிகக் கொஞ்சம். 220. 342, அதாவது சீட்டுக்குச் சூடு. பிறகு 498: பின்னால் வண்டியின் மாடல் பெயரை எழுதாதே.

முகம் தெரியாத அந்த முதல் சொந்தக்காரரை நான் அந்த இடத்திலேயே மதித்தேன். முதுகுவலி இருந்திருக்க வேண்டும், அதனால் சூடு. வளைவுகள் பிடித்திருக்க வேண்டும், அதனால் 220. ஊராருக்குத் தெரிய வேண்டாம், அதனால் 498. பழுப்பு பிடித்தது, அதனால் பழுப்பு. தனக்காக வாங்கியிருக்கிறார் மனுஷன். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து நேவிகேஷன் போட்ட வண்டிகளின் வரைபடத்தில் இன்று பாதிச் சாலைகள் இல்லை. எல்லாரும் டேஷ்போர்டில் போனை ஒட்டி வைத்து ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன்? வாங்கிய முதல் மாதமே வண்டி மொட்டையாக இருக்கிறதே என்று சக்கரங்களின் நடுவில் வண்ணச் சின்னம் பதித்த மூடிகள் வாங்கினேன். ஸ்டியரிங்கைக் கழற்றிப் புதுத் தோல் போட்டேன். கிட்டத்தட்ட ஆயிரம் யூரோ. பின்டயர்களின் பக்கவாட்டில் 1815 என்று எழுதியிருந்தது, 2015-இன் 18-ஆவது வாரம். பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபரில் கருங்காட்டின் பி500 சாலை. மழை நின்று அரைமணி, ரோட்டில் ஈர இலைகள். வேகமாகக்கூடப் போகவில்லை. வலது வளைவின் நடுவில் எதிரே வெளிச்சம் தெரிந்த மாதிரி இருக்க, பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். நடுவில் எஞ்சின் உள்ள வண்டியில் வளைவுக்குள் செய்யக் கூடாதது அதுதான், புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் காலுக்குத் தெரியவில்லை. பாரம் முன்னால் சாய்ந்தது, பின்பக்கம் லேசானது, அவ்வளவுதான். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு வேலைசெய்துகொண்டுதான் இருந்தது. ரப்பர் பிடித்தால்தானே அதனால் எதையாவது பிடிக்க முடியும்? மரங்கள் கண்ணாடியில் இடமிருந்து வலமாக ஓடின. நின்றபோது வந்த திசையைப் பார்த்து, எதிர்ப்பக்கத்து ஓரத்தில் நின்றிருந்தேன். வண்டியில் ஒரு கீறல் இல்லை. எஞ்சின் அணைந்திருந்தது. கை நடுங்கியதில் சாவியைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தபோது மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி என்னைத் தாண்டிப் போனது. ஒரு நிமிடம் முன்னால் அது வந்திருந்தால் என்று நான் இன்னும் நினைப்பதுண்டு. மனைவியிடம் இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். அந்த மூடிகளின் விலையில் ஒரு பின்டயராவது வந்திருக்கும்.

2022-இல் அப்பா வந்தார். கணபதியில் லேத் பட்டறை வைத்து நாற்பது வருடம் பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே காலிப் பெட்டி.

"ஏங் கண்ணு, எஞ்சின் எங்க?"

"பின்னாடி இருக்குதுங்கப்பா."

பின்னால் திறந்தேன். அங்கேயும் ஒரு பெட்டி, ஓரத்தில் இரண்டு மூடிகள். ஒன்று ஆயில் ஊற்ற, ஒன்று கூலன்ட் ஊற்ற. கேமனில் எஞ்சினைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மேலேயிருக்கிற தட்டுகளைக் கழற்ற வேண்டும். ஆயில் அளவு பார்க்கிற கம்பிகூடக் கிடையாது, திரையில்தான் பார்க்கணும். அப்பா சிரிக்கவில்லை. "எஞ்சினையே கண்ணுல காட்டமாட்டேங்கறான், நூலு மட்டும் நூறு கலர்ல காட்டறானா?" என்றார். ஆப்ஷன்களைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இந்த அளவுக்கு வரவில்லை.

'இதெல்லாம் பணக்காரன் பிரச்சினை, எங்களுக்கு எதற்கு?' என்பீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் ஆடம்பரம், மறுக்கவில்லை. கடனில் வாங்கியவன் விற்கும் விலையை நினைத்துப் பயப்படுவதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சென்னையில் ஃப்ளாட் வாங்கும் உங்கள் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். வாஸ்துவில் துளி நம்பிக்கை இல்லாதவன்கூட வடக்கு வாசல் தேடுவான்: 'எனக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு வாங்கறவன் கேப்பான்'. அந்த நாளைய ஆளை யாரும் பார்த்ததில்லை. அவனுக்குச் சாம்பல்தான் பிடிக்கும், ஆட்டோமேட்டிக்தான் பிடிக்கும், கிலோமீட்டர் ஓடியிருக்கக் கூடாது என்று நாமே முடிவு செய்து, நம் காசில் அவனுக்குச் சேவகம் செய்கிறோம். எனக்குத் தெரிந்து அந்த ஆள் நான்தான். எனக்குப் பிடித்தது பழுப்பு.

2025 அக்டோபரோடு பெட்ரோல் 718-இன் தயாரிப்பு நின்றுவிட்டது. இனி அந்த வண்டி வேண்டுமென்றால் எல்லாருக்கும் இன்னொருவர் போட்ட ஆப்ஷன்தான். இருபது வருடம் கழித்து இதைத் தேடி வரப்போகிற பையன்களுக்கு நாம் விட்டுவைத்திருப்பது வரிசை வரிசையாகச் சாக்பீஸ் நிற வண்டிகள், குறைந்த கிலோமீட்டர், உட்கார்ந்த தடம் இல்லாத சீட்டுகள்.

அப்பாவை அன்று மாலை பி500-க்குக் கூட்டிப்போனேன், நான் சுழன்ற வளைவைச் சொல்லாமலே தாண்டினேன். மேலே ஓரமாக நிறுத்தியதும் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார். இறங்கிப் பின்பக்கம் போய், பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு அந்தத் தட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். "டிக் டிக்குனு கேக்குதே, டேப்பட்டா?" "இன்ஜெக்டர் சத்தம்ங்கப்பா." கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "நல்லாத்தான் ஓடுது" என்றார்.

வண்டி இப்போது 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிரைவர் சீட்டின் இடது ஓரம் தேய்ந்துவிட்டது, சூடு இன்னும் வருகிறது. அடுத்த வாரம் பின்டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், நான்கு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது.