முதல் தேதி காலை என்ன செய்வீர்கள்?

டில்லியில் மத்திய அரசு உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர்களிடம் ஓய்வு பற்றிப் பேச்செடுத்தால் கிராஜுவிட்டி, கம்யூடேஷன் என்று காசுக் கணக்கு மளமளவென்று வரும். "அதற்கப்புறம் என்ன உத்தேசம்?" என்றால், "ஊரோடு போய்விட வேண்டியதுதான்" என்பார்கள். ஊரில் பொழுது விடிந்தால் என்ன வேலை, யாருடன் பேச்சு என்று மேலே கேட்டால் பதில் வராது.

அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் மாலை போட்டு, சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வது என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை. 1998இல் ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கினார்கள். கேள்வி இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான்.

சொந்த ஊரில் வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெற்றால் ஆபீஸ் மட்டும்தான் போகும். நமக்கோ குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது அக்கம்பக்கமும், காய்கறிக்காரரும், மலை மந்திரில் வாராவாரம் பார்க்கும் முகங்களும் சேர்ந்தே போகின்றன. ஊரோ, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வந்துபோனவரை இன்னமும் விருந்தாளியாகத்தான் பார்க்கிறது.

ஆகவே ஒத்திகை பார்த்துவிடுங்கள் என்கிறேன். ஓய்வின்போது 300 நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம் என்று பலர் ஒரு நாளும் எடுக்காமல் சேர்க்கிறார்கள். 300 நிறைந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் 15 நாளை எடுக்காவிட்டால் அது வீண்தான். அந்த நாட்களைக் கடைசி மூன்று வருடங்களில் பயன்படுத்துங்கள். மே மாத வெயிலில் ஒரு தரம், ஐப்பசி மழையில் ஒரு தரம் தம்பதியாகப் போய், உறவினர் வீட்டில் இறங்காமல் தனியாகக் குடியிருந்து பாருங்கள். கல்யாணம், கும்பாபிஷேகம் இல்லாத நாட்களாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி எத்தனை தூரம், மாலையில் பேச ஆள் உண்டா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். வீட்டை வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

இன்னொன்று. வீட்டு அம்மாளைக் கேட்டீர்களா? அவருக்கு ஓய்வு வயதும் இல்லை, வழியனுப்பு விழாவும் இல்லை. உங்களுக்கு ஆபீஸ் தந்த சிநேகிதத்தை அவர் இங்கே தாமாகவே தேடிக்கொண்டிருக்கிறார். அதை விட்டுவரச் சொல்லுமுன் அவர் விருப்பத்தையும் கேட்பது நியாயம்.

இங்கேயே தங்குவதென்றால் அதற்கும் ஆயத்தம் வேண்டும். நம் குழந்தைகள் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் நாலு குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க இன்றே தொடங்கலாம். அறுபதில் திடீரென்று தொடங்குவது கஷ்டம். ஐம்பத்தைந்தில் பழகியது அறுபதில் துணைக்கு வரும்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், இங்கேயே தங்கியவர்கள் ஆகியோரை ஒரு மாலை அழைத்துப் பேசச் சொல்லலாம். பென்ஷன் கணக்கைச் சொல்லித்தர அலுவலகம் இருக்கிறது. இந்தக் கணக்கை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லித்தர வேண்டும்.