போட்டி என்றால் ஒன்று அழியத்தான் வேண்டுமா?

ஒரே உணவுக்கு இரண்டு இனங்கள் போட்டியிட்டால் வலியது வாழும், மற்றது அழியும். இது கணிதம் நிறுவிய விதி என்கிறார்கள். வகுப்பறையிலும் மேடையிலும் இதையே கேட்கிறோம். கணிதம் அப்படிச் சொல்லவில்லை.

லோட்கா, வோல்தெரா பெயரால் வழங்கும் போட்டிச் சமன்பாடுகள் தரும் முடிவுகள் நான்கு. முதல் இனம் வெல்லலாம், இரண்டாவது வெல்லலாம், இரண்டும் சேர்ந்தே வாழலாம், அல்லது தொடக்க எண்ணிக்கை வெற்றியைத் தீர்மானிக்கலாம். எது நடக்கும் என்பது, ஓர் இனம் தன்னினத்தை அதிகம் நெருக்குகிறதா, அயலினத்தையா என்பதைப் பொறுத்தது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தனித்திருந்தால் ஒவ்வோர் இனமும் 100 வரை பெருகும் (இதுவே அதன் தாங்குதிறன்), பெருகும் வேகமும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அயலினத்தின் ஓர் உயிர், தன்னினத்தின் அரை உயிர் அளவுக்கே நெருக்கடி தந்தால் போட்டிக் கெழு 0.5. அப்போது இரண்டும் ஏறத்தாழ 67-இல் நிலைகொள்ளும். இரண்டும் உயிரோடு இருக்கும்வரை, எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து சேரும். கெழு 1.5 என்றால் இரண்டும் 40-இல் சமநிலை. ஆனால் ஒன்று 41 ஆனாலே மற்றது மெல்ல மெல்ல அழிந்துபோகும். சமநிலை உண்டு, நிலைப்பு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென நினைப்பதே குழப்பத்தின் வேர்.

வேகமாகப் பெருகுவதே வெல்லும் என்பதும் பிழை. நிலைப்புக்கான நிபந்தனையில் தாங்குதிறனும் கெழுக்களும் மட்டுமே உண்டு. பெருகும் வேகத்துக்கு அங்கே இடமில்லை.

அடுத்து, உயிரியலாளர் காஸின் சோதனையைச் சான்று காட்டுவார்கள். 1934-இல் வெளியான அவருடைய நூலில், ஒரே குடுவையில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் ஆரேலியா இனம் வாழ்ந்தது, காடேட்டம் இனம் அழிந்தது. உண்மைதான். ஆனால் அதே காஸ் பர்சேரியா என்ற இனத்தை வேறொரு பாரமீசியத்தோடு வளர்த்தபோது இரண்டுமே பிழைத்தன. ஒன்று மேல்நீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்றது, பர்சேரியா அடியில் தங்கிய ஈஸ்ட்டைத் தின்றது. இந்தப் பாதியை ஏன் சொல்லாமல் விடுகிறோம்?

'வலியது' என்ற சொல்லையே உலுக்கியவை தாமஸ் பார்க் சிகாகோவில் வளர்த்த காஸ்டேனியம், கன்ஃபியூசம் என்ற இரு மாவு வண்டு இனங்கள். 1954-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, 34 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் எப்போதும் காஸ்டேனியம் வென்றது. 24 டிகிரியும் 30 விழுக்காடும் என்றால் எப்போதும் கன்ஃபியூசம். இடைப்பட்ட 29 டிகிரி, 70 விழுக்காட்டில் காஸ்டேனியத்துக்கு 86 விழுக்காடு வெற்றி, மீதி கன்ஃபியூசத்துக்கு. அதே மாவு, அதே சூழல், இருவேறு முடிவு!

ஆசிரியர்களே, காஸின் முதல் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். கரும்பலகையில் நான்கு முடிவுகளையும் வரையுங்கள், பார்க்கின் வண்டுகளையும் சொல்லிக்கொடுங்கள்.