கோலாலம்பூருக்குப் பட்டோடு போவோர்

ஆரணிப் பட்டு கடல் கடக்கிறது. அதை நெய்தவரோ பெரும்பாலும் ஊரைக் கடப்பதில்லை. விலையை இடையிலுள்ள வணிகரே சொல்கிறார். நம் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கு இருவரையாவது கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழிலேயே விலை பேசலாம். தீபாவளி அங்கும் விடுமுறை நாள்.

ஆனால் பண்டிகைக்கு முந்திய வாரம் மூட்டையோடு போய் இறங்குவதில் பயனில்லை; கடைக்காரர்கள் கொள்முதலை முடித்திருப்பார்கள். பாவு ஏற்றி நெய்து இறக்கவே வாரங்கள் வேண்டுமே! எனவே வைகாசியிலேயே மாதிரிச் சேலைகளைக் காட்டி ஆர்டர் பெற்றுத் திரும்ப வேண்டும். ஏற்றுமதிக்குரிய குறியீட்டெண்ணை அதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரமாதலால் அப்போது சந்திப்பு வேண்டாம்.

இன்னொன்று. அவ்வூரில் ஆண்டு முழுவதும் மழையும் புழுக்கமுமே. பட்டு ஈரத்தை உறிஞ்சும். வெள்ளிச் சரிகை கறுத்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றியே கொண்டு செல்ல வேண்டும்.

செலவுக்குப் பணம் எங்கே என்பர் சிலர். பல சங்கங்கள் பகிர்ந்துகொண்டால் பாரம் குறையும். அனுப்பப்படும் இருவரில் ஒருவர் தறியில் அமர்பவராகவே இருக்க வேண்டும். கரைக்கும் முந்தானைக்கும் ஆகும் உழைப்பைச் சேலையை விரித்துக் காட்டி விலை கேட்க அவரால்தான் முடியும்.