வெங்ஙானூர் கேப்டனை நமக்குத் தெரியுமா?

சென்ற குடியரசு தின விழாவில் நம் குழந்தைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி திருச்சி மேஜர் சரவணனைப் பற்றித் தங்கு தடையின்றிப் பேசினாள். கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக் மலையில் அவர் உயிர் நீத்ததையும், உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனதையும் அவள் சொன்னபோது பலர் கண் கலங்கினார்கள். நடுவராக இருந்த நண்பர் குழந்தைகளைப் பார்த்து, "சரி, நீங்கள் வசிக்கிற இந்த ஊரிலிருந்து போய் அதே போரில் இறந்தவர் யார்?" என்று கேட்டார். பதில் இல்லை. பின்வரிசையில் இருந்த பெரியவர்களிடமும் இல்லை. முப்பது வருடமாக இங்கே குடியிருக்கும் நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பெயர் கேப்டன் ஜெரி பிரேம்ராஜ். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூர்க்காரர். ஆம், அய்யன்காளி பிறந்த அதே வெங்ஙானூர்தான். விழிஞ்ஞம், கோவளம் என்று விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நாம் எத்தனை முறை போயிருப்போம்! முதலில் விமானப் படையில் சாதாரண ஏர்மேனாகச் சேர்ந்து, பிறகு முயன்று ராணுவ அதிகாரி ஆனவர். 158 மீடியம் ரெஜிமெண்ட் என்ற பீரங்கிப் பிரிவில் இருந்தார். கலியாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில் போருக்குப் போனார். 1999 ஜூலை 7 அன்று திராஸ் பகுதியில் 'ட்வின் பம்ப்ஸ்' என்ற இரட்டை முகட்டைப் பிடிக்கும் சண்டையில் இறந்தார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

'வீர மரணம்' என்று ஒரு வார்த்தை சொல்லி, படத்துக்கு மாலை போட்டு நாம் நிறுத்திவிடுகிறோம். எனக்கு உள்ள குறையே அதுதான். அவர் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துகொண்டால் அல்லவா அந்த மரணம் நமக்குப் புரியும்?

பீரங்கி (போபர்ஸ் என்றால் நமக்கெல்லாம் ஊழல் வழக்குதான் முதலில் நினைவுக்கு வரும், அது வேறு கதை) பல கிலோமீட்டர் பின்னால், பள்ளத்தாக்கில் நிற்கிறது. சுடுகிறவருக்கு எதிரியின் பங்கர் தெரியாது. இடையில் மலை. ஆகவே பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் வயர்லெஸ் கருவியோடு, மேலே ஏறும் காலாட்படையுடன் கூடவே ஏறுவார். குண்டு எங்கே விழுந்தது, எத்தனை மீட்டர் இடம், எத்தனை மீட்டர் வலம் என்று அவர் சொல்லச் சொல்லப் பின்னால் குறியைத் திருத்துவார்கள். சொந்த ஆட்கள் எதிரிக்கு மிக அருகில் இருக்கும்போது கணக்கு கொஞ்சம் பிசகினாலும் நம்மவர்மேலேயே விழும். சுருக்கமாகச் சொன்னால், அத்தனை பீரங்கிகளுக்கும் அவர்தான் கண். அந்த இரவு ஜெரி பிரேம்ராஜ் நாகா ரெஜிமெண்டின் 2-ஆம் பட்டாலியனுடன் அந்தக் கண்ணாகப் போனார். குண்டு பட்ட பிறகும் கீழே இறங்க மறுத்து, இலக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடியும் குண்டு பட்டது.

ஏன் இறங்க மறுத்தார் என்பதற்கு விளக்கம் வேண்டுமா? அவர் இறங்கியிருந்தால், பாறைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்த நாகா பையன்களுக்குப் பின்னால் பீரங்கிகள் குருடாகியிருக்கும்.

அதே ஜூலை 7-ஆம் தேதி, அதே மலைத்தொடரில் 4875 என்ற சிகரத்தில் இறந்தவர்தான் கேப்டன் விக்ரம் பத்ரா. பரம்வீர் சக்ரா பெற்றவர். 2021-இல் அவரைப் பற்றிப் படம் வந்தது. நாடே அவரை அறியும். மேஜர் முகுந்த் வரதராஜனை 2024-இல் 'அமரன்' படம் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அவர் மனைவியின் ஊர் திருவனந்தபுரம் என்பதால் இங்கே நம் குடும்பங்களில் அந்தப் படத்தைப் பற்றிப் பல நாள் பேச்சு. தவறில்லை. ஆனால் படம் வந்தால்தான் நினைப்போம் என்றால், கார்கிலில் மாண்ட 527 பேரில் எத்தனை பேருக்குப் படம் எடுப்பார்கள்?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் சரவணனை அறிந்து ஜெரியை அறியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊருக்குப் போகும்போது திருச்சி கன்டோன்மென்டில் சரவணன் நினைவுத் தூணைக் காட்டுகிறோம். பிழைக்க வந்த ஊரில், 'அவர் மலையாளத்துக்காரர்' என்று நாமே ஒரு கோடு கிழித்துவிட்டோம். அந்த இருவரும் அப்படிக் கோடு கிழித்தவர்களா? திருச்சித் தமிழர் நின்றது பீகார் ரெஜிமெண்டில். வெங்ஙானூர் மலையாளி இறந்தது நாகா வீரர்களுக்காக. நடந்து போகும் தூரத்தில் பாங்ஙோடு ராணுவ முகாம் இருக்கிறது. அங்கே காவல் நிற்பவர் எந்த மாநிலத்துக்காரர் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகவே என் யோசனை சிறியது. ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் நாம் கூடுகிறோம். வருகிற ஜூலை 7 அன்று மாலை ஒரு மணி நேரம் கூடுவோம். மேடை, மாலை, பொன்னாடை வேண்டாம். ஓய்வு பெற்ற பீரங்கிப் படைக்காரர் ஒருவரை அழைத்து, அந்த வேலை எப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்வோம். தமிழிலோ மலையாளத்திலோ, அவருக்கு எது வருகிறதோ அதில் பேசட்டும். சரவணனைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். வெங்ஙானூருக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.